இரவல் செயற்கூறுகள்

ஓர் இயங்குதளத்திற்காக எழுதப்பட்ட நிரலை மற்றோர் இயங்குதளத்திலும் இயக்க வேண்டும் என்பது கணினித்துறையின் நெடுநாள் விருப்பம். அதற்காகவே, ஒரு தளத்தின் செயற்கூறுகளை வேறொரு தளத்தில் போலச்செய்யும் மென்பொருள்கள் தோன்றின. அவற்றின் பயன் பெரிது. எனினும் எல்லையும் உண்டு. செயற்கூறின் பெயரை இரவல் பெறலாம். அது ஊன்றி நிற்கும் நிலத்தை இரவல் பெற இயலாது.

யுனிக்ஸ் வழிவந்த தளங்களில் 'ஃபோர்க்' என்னும் செயற்கூறு, இயங்கிக்கொண்டிருக்கும் நிரலுக்கு அதே நிலையில் ஒரு படியை உருவாக்குகிறது. தாயும் சேயும் முதலில் ஒரே நினைவகப் பக்கங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு பக்கத்தில் மாற்றம் நேரும்போதுதான் அதற்குத் தனிப்படி உருவாகிறது. அதனால் வேலை விரைவில் முடிகிறது. விண்டோஸ் நிரலர்க்கு வழங்கும் செயற்கூறுகளில் இதற்கு நிகரானது இல்லை.

எனவே, 1995இல் தொடங்கப்பட்ட 'சிக்வின்', சேய் நிரலை நிறுத்திவைத்துத் தாயின் நினைவகத்தை அதனுள் படியெடுக்கிறது. இதனால் வேகம் குறைகிறது. நூலகக் கோப்புகள் இரு நிரல்களிலும் ஒரே முகவரியில் அமைந்தால்தான் படி பொருந்தும். பாதுகாப்புக்காக விண்டோஸ் முகவரிகளை மாற்றினாலோ, நச்சுநிரல் தடுப்பான் இடையில் நுழைந்தாலோ முயற்சி தோற்கக்கூடும். அப்போது நிரலர் தம் நிரலில் இல்லாத பிழையைத் தேடி அலைவார். முற்றிலும் இயங்காத நிரலைவிட, எப்போதாவது தவறும் நிரலே மிகுந்த தீங்கு தரும்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பட்டறிவும் இதனையே உணர்த்துகிறது. லினக்ஸ் நிரல்களை விண்டோஸில் இயக்க 2016இல் அது வெளியிட்ட துணையமைப்பு, அந்நிரல்களின் வேண்டுகோள்களை விண்டோஸ் கெர்னலுக்கு ஏற்ப மாற்றித் தந்தது. கோப்புகளைக் கையாளும் வேகம் குறைந்தது. சில வேண்டுகோள்கள் நிறைவேறவேயில்லை. 2019இல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு, போலச்செய்தலைக் கைவிட்டு, மெய்யான லினக்ஸ் கெர்னலையே மெய்நிகர் கணினியில் இயக்கியது.

இவற்றைக் கொண்டு போலச்செய்தல் வீண் எனல் பொருந்தாது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்க 1993இல் தொடங்கப்பட்ட 'வைன்' இன்றும் பயன்படுகிறது. மூலநிரல் கிடைக்காத பழைய மென்பொருளுக்கு இத்தகைய துணையே வாழ்வளிக்கிறது. ஆயினும், புதிதாக எழுதுவோர் தளத்தின் இயல்பறிந்து எழுதுதல் வேண்டும். வேறொரு நிரலைத் தொடங்குவது மட்டுமே நோக்கமெனில், சிக்வினில் 'ஃபோர்க்' வேண்டியதில்லை. நேரடியாகத் தொடங்கும் 'ஸ்பான்' போதும்.

ஆற்றைக் கடக்கப் பாலம் வேண்டும். பாலத்தின்மீதே வீடு கட்டுதல் அறிவுடைமை ஆகாது.