பெட்டிக்கும் திரைக்கும் இடையே தமிழ்

தமிழகத்தின் தொழில் வளர்ச்சியைக் கண்ணாரக் காண விரும்புவோர் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஒருமுறை சென்றுவந்தால் போதும். 2006ஆம் ஆண்டில் நோக்கியா நிறுவனம் அங்கே கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கிற்று. 2014இல் அது மூடப்பட்டதும் நாம் அறிந்ததே. 2007இல் சாம்சங் நிறுவனம் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் டெல் நிறுவனம் கணினிகளையும் அப்பகுதியில் உருவாக்கத் தொடங்கின. ஒரகடத்தில் மகிழுந்துகளும் கனரக வண்டிகளும் உருவாகின்றன. இவ்விரு ஊர்களுக்கும் இடையே, முருகன் கோயிலால் பெயர்பெற்று விளங்குவது வல்லக்கோட்டை. இச்சுற்றுவட்டாரத்தின் வாடகை அறைகளில் நம் பிள்ளைகள் பலர் தங்கி, மாறிமாறி வரும் ஷிப்டுகளில் உழைத்து வருகின்றனர்.

அவர்களுள் ஒருவர் நம் தமிழ்த்துறையில் பயின்று பட்டம் பெற்ற மாணவர். சில மாதங்களுக்கு முன் வல்லக்கோட்டையிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, அறையில் செட்டாப் பாக்ஸ் இருக்கிறது, பழைய கணினி மானிட்டர் ஒன்றும் மலிவாகக் கிடைத்தது. இரண்டையும் இணைக்கத்தான் வழி தெரியவில்லை. இரண்டு கம்பிகள் வாங்கிவிட்டேன். முந்நூறு ரூபாய்க்கு மேல் போயிற்று. திரையில் படம் வரவில்லை" என்றார். பெட்டியுடன் வந்த குறிப்பேடு ஆங்கிலத்தில் இருந்ததாம்; கம்பியை விற்ற கடைக்காரரோ "போட்டுப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னாராம்.

எனக்கும் விடை தெரியவில்லை என்பதை ஒளிப்பானேன்? இயற்பியல் துறை நண்பரை நாடினேன். அவர் ஒரு தாளில் படம் வரைந்து கால்மணி நேரத்தில் விளக்கிவிட்டார். அந்தக் கால்மணி நேர விளக்கம் தமிழில் அச்சாகி அம்மாணவரின் கைக்கு எட்டாமற் போனதே இக்கட்டுரைக்குக் காரணம்.

வெறுந்திரையான தொலைக்காட்சி

முன்பெல்லாம் அலைவரிசையைத் தேர்ந்து படமாக்கும் வேலையைத் தொலைக்காட்சிப் பெட்டியே செய்தது. 2003இல் சென்னையில் கட்டண அலைவரிசைகளுக்குச் செட்டாப் பாக்ஸ் நடைமுறைக்கு வந்தது. பின்னர் 2011இல் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் திருத்தப்பட்டு, 2012 முதல் நாடெங்கும் படிப்படியாக டிஜிட்டல் முறை கட்டாயமாயிற்று. 2017இல் தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனமும் செட்டாப் பாக்ஸ்களை விலையின்றி வழங்கத் தொடங்கிற்று.

இம்மாற்றத்தின் உட்பொருளை நாம் எண்ணிப்பார்க்கவில்லை. அலைவரிசையைத் தேர்வதும், மறைகுறியை அவிழ்ப்பதும், படத்தையும் ஒலியையும் பிரித்துத் தருவதும் இப்போது செட்டாப் பாக்ஸின் பணிகளாகிவிட்டன. அதனோடு இணைக்கப்பட்ட தொலைக்காட்சி, ஒலிபெருக்கி பொருத்திய வெறுந்திரையாகவே நிற்கிறது. அவ்வாறாயின், மேசைமேல் தூசி படிந்து கிடக்கும் கணினித் திரை அப்பணியை ஏன் செய்யலாகாது? தாராளமாகச் செய்யலாம்.

கம்பி வேறு, மொழிபெயர்ப்பு வேறு

செட்டாப் பாக்ஸின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை நிறத்தில் மூன்று வட்டத் துளைகள் இருக்கக் காணலாம். மஞ்சள் படத்திற்கு உரியது. மற்றவை ஒலிக்கு உரியவை. பல பெட்டிகளில் எச்.டி.எம்.ஐ. எனப்படும் தட்டையான வாயிலும் இருக்கும். பழைய மானிட்டரிலோ பதினைந்து ஊசிகள் கொண்ட வி.ஜி.ஏ. வாயில் இருக்கும். இது 1987ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் கொணர்ந்தது. சற்றுப் பிந்திய மானிட்டர்களில் வெண்ணிற டி.வி.ஐ. வாயிலும், புதியவற்றில் எச்.டி.எம்.ஐ. வாயிலும் காணப்படும்.

இருபுறமும் எச்.டி.எம்.ஐ. இருப்பின் ஒரே கம்பியில் வேலை முடிந்தது. மானிட்டரில் டி.வி.ஐ. இருப்பினும் இடர்ப்பாடு குறைவே. இரண்டும் படத்தை எண்களாகவே கடத்துவதால், ஒரு முனை எச்.டி.எம்.ஐ.யும் மறுமுனை டி.வி.ஐ.யும் உள்ள எளிய கம்பி போதும். ஆனால் எண்வடிவப் படத்தின் நகலெடுப்பைத் தடுக்க எச்.டி.சி.பி. என்றொரு காவல்முறை உண்டு. அதனை அறியாத மிகப் பழைய திரையில் படம் தோன்றாமற் போகலாம். விலை கொடுத்து வாங்குமுன் பெட்டியைக் கொண்டுசென்று சோதித்துப் பார்ப்பதே அறிவுடைமை.

வி.ஜி.ஏ. மட்டும் உள்ள திரையில்தான் நம் மாணவர் ஏமாந்தார். எச்.டி.எம்.ஐ. எண்களால் பேசுகிறது, வி.ஜி.ஏ. ஏறியிறங்கும் மின்னழுத்தத்தால் பேசுகிறது. ஒருமுனை இதுவும் மறுமுனை அதுவுமாகப் பொருத்திய வெறுங்கம்பி, மொழிபெயர்ப்பாளர் இல்லாத சபையைப் போன்றது. இருவரும் பேசுவர், ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காது. அங்கே வேண்டுவது உள்ளே சில்லு பொருத்திய கன்வெர்ட்டர் என்னும் மாற்றி.

அவர் வாங்கிய இரண்டாவது கம்பியின் கதையும் இதுவே. மஞ்சள் துளையிலிருந்து வரும் படம் பழைய தொலைக்காட்சிக்கென அமைந்தது. ஒரு படத்திற்கு 625 வரிகள், நொடிக்கு 25 படங்கள். ஆக நொடிக்கு 15,625 வரிகள். வி.ஜி.ஏ. மானிட்டர் எதிர்பார்ப்பதோ ஏறத்தாழ 31,500 வரிகள். ஆகவே வரிகளை வாங்கிச் சேமித்து, விரைவாக மீண்டும் எழுதித் தரும் மாற்றி ஒன்று இடையே இருந்தாக வேண்டும்.

எஞ்சுவது ஒலி. பெரும்பாலான பழைய மானிட்டர்களில் ஒலிபெருக்கி இராது. பெட்டியின் சிவப்பு, வெள்ளைத் துளைகளிலிருந்து கணினிக்குரிய சிறிய ஸ்பீக்கருக்கு ஒரு கம்பி இழுத்தால் அதுவும் தீர்ந்தது. ஒன்று மட்டும் நினைவிற் கொள்க: பருத்த பின்புறமுடைய பழைய படக்குழாய் மானிட்டரை எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. அணைத்த பின்னும் உயர் மின்னழுத்தம் அதனுள் தங்கியிருக்கும்.

இரு மறுப்புகள்

"கைப்பேசியே போதுமே, இத்தனை பாடு எதற்கு?" என்பர் சிலர். கைப்பேசி ஒருவர் பார்ப்பது. நால்வர் தங்கும் அறையில் ஒரு திரை என்பது நால்வர் கூடியமர்ந்து செய்தி கேட்பதும் பேசுவதும் ஆகும். ஊரில் கண் மங்கிய முதியவருக்கும் உள்ளங்கை அளவுத் திரை உதவாது. மேலும், பழைய படக்குழாய்க் கண்ணாடியில் ஈயமும், பழைய தட்டைத் திரைகள் பலவற்றின் விளக்குகளில் பாதரசமும் உண்டு. குப்பையில் எறிவதைத் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் மண்ணுக்கு நாம் செய்யும் நன்மையே.

"இது தமிழ்த்துறையின் வேலையா?" என்பது இரண்டாம் மறுப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் மருத்துவர் சாமுவேல் கிரீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களும் வெளியிட்டார். பெ.நா. அப்புசுவாமி வாழ்நாளெல்லாம் அறிவியலைத் தமிழில் எழுதினார். இராஜாஜி வேதியியலைத் திண்ணைக்குக் கொண்டுவந்தார். அவ்வழியில் வந்தவர்கள் நாம். கணினிக்குக் கலைச்சொல் ஆக்கிய தமிழ், கணினியின் பின்புறத் துளையைப் பற்றிப் பேசக் கூசலாமா? கலைச்சொல் அகராதியில் இருந்து பயனில்லை. கம்பி வாங்கப் போகும் மாணவரின் நாவில் இருத்தல் வேண்டும்.

செய்யத்தக்கவை

தமிழ்த்துறையும் இயற்பியல், கணினித் துறைகளும் கூடி, வீட்டுக் கருவிகளின் இணைப்பை விளக்கும் பதினாறு பக்கச் சிறுநூல் ஒன்றை ஆண்டுதோறும் வெளியிடலாம். மாணவர்கள் எழுதட்டும், ஆசிரியர்கள் திருத்தட்டும், அச்சுச் செலவைச் சமுதாயப் பெரியோர்கள் ஏற்கட்டும். மக்கள் அறிந்த 'கம்பி', 'பின்', 'ஸ்பீக்கர்' ஆகிய சொற்களைத் தள்ளாமல், புதுச் சொற்களை அவற்றின் தோளில் ஏற்றிச் செல்லட்டும். தமிழ் மண்ணில் உருவாகும் பொருள்களுக்குள் தமிழ்க் குறிப்பேடும் இடம்பெற வேண்டுமென நிறுவனங்களை நாம் கேட்கவும் வேண்டும். பகலெல்லாம் பொருள்களைப் பொருத்தும் கைகள், இரவில் தம் அறையில் ஒரு திரையைப் பொருத்த வழியறியாது நிற்பது அக்கைகளின் குறையன்று. எழுதத் தவறிய நம் குறையே.

நண்பர் வரைந்த படத்தைக் கைப்பேசி வழியே வல்லக்கோட்டைக்கு அனுப்பினேன். ஊசிகளின் பெயர்களையும் மாற்றியின் பயனையும் தமிழில் எழுதிச் சேர்த்தேன். மறுவாரம் அம்மாணவர் அழைத்தார். "ஐயா, படம் வந்துவிட்டது. பக்கத்து அறைக்காரர்களும் அந்தத் தாளைக் கேட்கிறார்கள்" என்றார்.

அந்தத் தாளைத்தான் நாம் அச்சிட வேண்டும்.