234 போதாது

"இருக்கிற எம்.எல்.ஏ.க்களே அதிகம், இதில் இன்னும் எதற்கு?" டீக்கடையில் கேட்டாலும் தொலைக்காட்சி விவாதத்தில் கேட்டாலும் இதுதான் பதில். எதிலும் ஒத்துப்போகாத கட்சிக்காரர்கள்கூட இதற்கு மட்டும் சேர்ந்து தலையாட்டுகிறார்கள். அரசியல்வாதிகள் மீது மக்களுக்குள்ள கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் சட்டமன்றம் சிறியதாக இருப்பதால் அரசியல்வாதிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டமெல்லாம் ஓட்டுப் போடுகிறவருக்குத்தான்.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு 234 இடங்கள் வந்தது 1967 தேர்தலில். அப்போது வாக்காளர்கள் சுமார் 2 கோடிப் பேர். ஓர் உறுப்பினருக்கு 90 ஆயிரம் பேர் வரை. 2021 தேர்தலில் வாக்காளர்கள் 6 கோடியே 28 லட்சம். ஓர் உறுப்பினருக்கு ஏறத்தாழ 2 லட்சத்து 70 ஆயிரம். இதே காலத்தில் 14 மாவட்டங்கள் 38 ஆகியிருக்கின்றன. ஒவ்வொரு முறை மாவட்டம் பிரிந்தபோதும் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்தது என்று பட்டாசு வெடித்தோம். செலவைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. அதிகாரி பக்கத்தில் வரலாம், நாம் தேர்ந்தெடுத்தவர் மட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டுமா?

சோழிங்கநல்லூரைப் பாருங்கள். 2021 வாக்காளர் பட்டியலில் அந்த ஒரு தொகுதியில் மட்டும் 7 லட்சத்துக்குச் சற்றே குறைவான பேர் இருந்தார்கள். அதே சென்னையில் துறைமுகம் தொகுதியில் 2 லட்சம்கூட இல்லை. இரண்டுக்கும் ஆளுக்கொரு உறுப்பினர். பழைய மகாபலிபுரம் சாலையின் கணினி நிறுவனங்களும் அடுக்குமாடிகளும் மட்டுமே இந்த வீக்கத்துக்குக் காரணம் என்று நினைக்க வேண்டாம். கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட குடும்பங்களை அரசு ஆயிரக்கணக்கில் கொண்டுபோய்க் குடியமர்த்திய கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எல்லாம் அந்தப் பக்கம்தான். வேலைக்குப் போகப் பஸ் இல்லை, பிள்ளைகளின் பள்ளி தூரம், லிஃப்ட் ஓடவில்லை என்று முறையிட வேண்டியவர்கள் அவர்கள். நகரத்தின் நடுவிலிருந்து வெளியேற்றியபோது வீட்டோடு சேர்த்து அவர்களுடைய ஓட்டின் பலத்தையும் பறித்துக்கொண்டோம். ஏழு லட்சம் பேருக்கு ஒரே ஆளாக இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், காலையில் மனுவோடு வாசலில் நிற்கும் கூட்டத்தில் யாருடைய முதியோர் உதவித்தொகையை அவர் நினைவில் வைத்திருக்க முடியும்?

செலவு என்பார்கள். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 2017-இல் எம்.எல்.ஏ.க்களின் மாதச் சம்பளம் 1 லட்சத்து 5 ஆயிரம் ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில், 234-ஐ நான் கேட்கும் 312 ஆக்க 78 பேரைக் கூடுதலாகச் சேர்த்தால் ஆண்டுக்கு 10 கோடிக்கும் குறைவு. படி, உதவியாளர், விடுதி என்று அதைச் சில மடங்காக்கினாலும், ஆண்டுச் செலவு 3 லட்சம் கோடியைத் தாண்டிய ஓர் அரசுக்கு அது கணக்கிலேயே வராது. மந்திரிகள் பெருகிவிடுவார்கள் என்றால், 2003-இல் வந்த அரசியல் சட்டத்தின் 91-ஆம் திருத்தம் சொல்லும், சபை எண்ணிக்கையில் 15 சதவீதம் என்பது உச்சவரம்புதான். அதை நிரப்பியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

உண்மையில் பணம் கொழுப்பது பெரிய தொகுதியில்தான். 90 ஆயிரம் பேரை ஒரு வேட்பாளர் தெருத்தெருவாக நடந்தே பார்த்துவிடலாம். மூன்று லட்சம் பேரை நடந்து பார்க்க முடியாது. வண்டி, மேடை, விளம்பரம், பூத்துக்கு ஆள் என்று எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அதனால்தான் சீட்டுக்கு நேர்காணல் நடக்கும்போது "எவ்வளவு செலவு செய்வீர்கள்?" என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. சபையைச் சிறிதாக வைத்து ஊழலைக் குறைக்கலாம் என்று நம்புகிறவர்கள், காசில்லாதவர் உள்ளே வரும் வழியைத்தான் அடைக்கிறார்கள்.

அடுத்தது தொகுதி மறுவரையறை பற்றிய பயம். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் மக்களவையில் இடம் இழக்கக் கூடாது என்ற வாதத்தோடு எனக்கு முழு உடன்பாடு உண்டு. 2025 மார்ச்சில் சென்னையில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம், தொகுதிகளுக்கு 1971 மக்கள்தொகைக் கணக்கே இன்னும் முப்பது ஆண்டுகள் நீடிக்க வேண்டும் என்று கேட்டது சரி. ஆனால் 1976-இன் 42-ஆம் திருத்தம் மக்களவையோடு சேர்த்துச் சட்டமன்றங்களின் இட எண்ணிக்கையையும் உறைய வைத்தது. 2001-இன் 84-ஆம் திருத்தம் அந்தப் பூட்டை, 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. இடையில் 2008-இல் எல்லைகளைத்தான் மாற்றினார்கள், எண்ணிக்கையைத் தொடவில்லை. மக்களவைக்கு அந்தப் பூட்டு மாநிலங்களுக்கிடையே ஒரு நியாயம். சட்டமன்றத்துக்கு என்ன நியாயம்? கோட்டையில் 234 பேர் இருந்தாலும் 312 பேர் இருந்தாலும் பீகாருக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. குடியரசுத் தலைவர் தேர்தலில் நம் எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 176 என்பது குறையும். ஆனால் அந்த மதிப்பை மாநில மக்கள்தொகையை உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்துத்தான் போடுகிறார்கள், ஆகவே மாநிலத்தின் மொத்த பலம் அப்படியே நிற்கும்.

312 என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே ஒரு மக்களவைத் தொகுதிக்குள் 6 சட்டமன்றத் தொகுதிகள், கேரளத்தில் 7, கர்நாடகத்தில் 8. மக்களவையில் நமக்குள்ள 39 இடங்களைத் தொடாமல், ஒவ்வொன்றையும் எட்டாகப் பிரித்தால் 312. 2011 கணக்கெடுப்பின் 7 கோடியே 21 லட்சம் மக்களுக்கு அது ஓர் உறுப்பினருக்கு 2 லட்சத்து 31 ஆயிரம் பேர் என்று வரும். 140 உறுப்பினர் கொண்ட கேரளத்தில் இன்றைக்கே ஏறத்தாழ அதே அளவுதான். அரசியல் சட்டத்தின் 170-ஆம் பிரிவு 500 உறுப்பினர் வரை அனுமதிக்கிறது.

ஒன்றைக் கேட்டால் மற்றதும் போய்விடும் என்று நம் கட்சிகள் தயங்கத் தேவையில்லை. மக்களவை இடங்கள் 81, 82-ஆம் பிரிவுகளில் இருக்கின்றன. சட்டமன்ற இடங்கள் 170-இல். முதல் இரண்டில் பூட்டு நீடிக்கட்டும், 170-இல் மட்டும் திறக்கட்டும் என்று ஒரே தீர்மானத்தில் எழுதலாம். அடுத்த அனைத்துக் கட்சிக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் இந்த இரண்டாவது வரியையும் கையோடு கொண்டுபோக வேண்டும். பெரும்பாக்கத்தின் எட்டாவது மாடியில் இருப்பவருக்காக அதைக் கேட்க இப்போது அந்த மேசையில் ஆளில்லை.