ஆங்கிலச் சிற்றூரும் அயலார் காவலும்

இங்கிலாந்து தேசத்துச் சிற்றூர் ஒன்றினை நேரிற் கண்டறியாத நம்மவர்க்கும் அதன் உருவம் மனத்தில் நன்கு பதிந்துள்ளது. சதுரக் கோபுரத்தோடு கூடிய பழந்தேவாலயம், அதனைச் சூழ்ந்த கல்லறைத் தோட்டம், ஊர் நடுவே ஒரு பசும்புல் தரை, ஒரு மதுச்சாலை, ஓர் அஞ்சல் நிலையம், வேலிச் செடிகளுக்கிடையே வளைந்து செல்லும் ஒடுங்கிய சாலை ஆகிய இவையெல்லாம் கல்லூரிப் பாட நூல்களின் வாயிலாக நமக்குப் பழக்கமாயினவே. 1930-ம் ஆண்டு முதல் அகதா கிறிஸ்டி அம்மையார் மிஸ் மார்ப்பிள் என்னும் முதிய மாதினை முதன்மைப் பாத்திரமாக வைத்து இயற்றிய நாவல்களைப் படித்தோரோ, அத்தகைய ஊர்களில் மாதம் ஒரு கொலை தவறாது நிகழும் என்று எண்ணினும் எண்ணுவர். ஒன்று சுவர்க்கம், மற்றொன்று கொலைக்களம். இவ்விரண்டு சித்திரங்களையும் ஒருபுறம் வைத்துவிட்டு, அவ்வூரில் வாழ்வோர் உண்மையில் எத்துணை அச்சமின்றி உறங்குகின்றனர், அவர்தம் காவல் எவர் கையில் உள்ளது என்பவற்றை ஆராயப் புகுந்தோம். ஆராயுங்கால் நாம் எதிர்பாராத இடத்திற்கே வந்து சேர்ந்தோம்.

2011-ம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து, வேல்ஸ் ஆகிய இரு நாடுகளுக்கும் உரிய குற்றப் படம் ஒன்றை அரசாங்கத்தார் இணையத்தளத்தில் வெளியிட்டனர். எவரும் தம் ஊர்ப் பெயரை இட்டு, அம்மாதத்தில் எத்தெருவில் எத்தனை களவு, எத்தனை அடிதடி என்று காணலாம். வீடு வாங்க விழைவோர் முதலில் நோக்குவது இதனையே. ஆனால், குற்றத்தால் வருந்தினவர் இன்னார் என்று வெளிப்படாதிருக்கும்பொருட்டு, குற்றம் நிகழ்ந்த இடத்தையே படத்தில் குறிப்பதில்லை. அதற்கு அண்மையில் முன்னரே குறித்து வைத்த ஒரு புள்ளியில் அதனைச் சேர்த்துவிடுகின்றனர். அப்புள்ளியின் எல்லைக்குள் குறைந்தது எட்டு அஞ்சல் முகவரிகளேனும் இருத்தல் வேண்டும், அன்றேல் ஒன்றுமே இருத்தல் ஆகாது என்பது விதி. நகரத்தில் இதனால் வரும் பிழை சிறிதே. வீடுகள் அரைமைலுக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும் நாட்டுப்புறத்திலோ, ஒரு பண்ணையில் நிகழ்ந்த திருட்டு அடுத்த ஊர்த் தெருவின்மேல் ஏறி நிற்கவும் கூடும்.

இனி, ஆயிரவர்க்கு இத்தனை என்னும் கணக்கினைக் காண்போம். 250 பேர் வாழும் ஓர் ஊரில் ஓராண்டில் ஒரு தோட்டக் கொட்டகையின் பூட்டு உடைக்கப்பட்டது என்று கொள்க. ஆயிரவர்க்கு 4 என்று ஏட்டில் ஏறும். மறுவாண்டில் ஒரே இரவில் ஒரே திருடன் மூன்று கொட்டகைகளைத் திறந்தான் என்க. ஆயிரவர்க்கு 12! குற்றம் மும்மடங்காயிற்று என்று ஊர்ச் செய்தித்தாள் அலறும். அவ்வூரார் கதவிற்கு இரண்டாம் தாழ் இடுவர். திருடன் வேறிடம் போய்விட்ட அடுத்த ஆண்டிலோ குற்றம் அடியோடு ஒழிந்தது என்று போலீஸார் பெருமை கொள்வர். சிறுதொகையை வைத்துக்கொண்டு வீதங் கூறுதல், ஒரு நாள் மழையைக் கொண்டு நாட்டின் பருவநிலையை வரையறுத்தலை ஒக்கும். போலீஸ் ஏட்டில் ஏறாத குற்றங்களையும் அறியும் பொருட்டு, வீடுதோறும் சென்று வினவும் பெருங் கணக்கெடுப்பு ஒன்று 1982-ல் தொடங்கி நடந்து வருகின்றது. அதன்படி அந்நாட்டுக் குற்றத் தொகை 1995-ம் ஆண்டளவில் உச்சமெய்திப் பின்னர்ப் பெரிதும் தாழ்ந்தது. இது தேசமுழுமைக்கும் மெய். ஆனால் தனியொரு சிற்றூரைப் பற்றி அக்கணக்கெடுப்பு ஒன்றும் கூறமாட்டாது. ஆகவே, சிற்றூரார் தம் பாதுகாப்பினை எண்களிலிருந்து அறிவதினும் செவிவழிச் செய்தியிலிருந்து அறிவதே மிகுதி.

ஊர்க்காவல் என்பது ஆங்கிலேயர்க்குப் புதிதன்று. நார்மானியர் காலத்தில் பன்னிரண்டு வயதிற்கு மேற்பட்ட ஆண்மக்கள் பப்பத்துப் பேராகப் பிணைக்கப்பட்டு, ஒருவன் செய்த குற்றத்திற்கு மற்றையோர் அவனைக் கொணர்ந்து நிறுத்தக் கடமைப்பட்டிருந்தனர், தவறினால் தண்டம். 1285-ல் முதலாம் எட்வர்டு மன்னன் இயற்றிய வின்செஸ்டர்ச் சட்டமோ, கூக்குரல் கேட்டவுடன் ஊரார் அனைவரும் திருடனைத் தொடர வேண்டும் என்றும், கள்வர் பதுங்காதபடி பெருவழியின் இருமருங்கும் 200 அடி தூரம் புதர்களை வெட்டி வெளியாக்க வேண்டும் என்றும் விதித்தது. பின்னர் நம் நாட்டுத் தலையாரி போன்ற ஊர்க் கான்ஸ்டபிள் பன்னூறாண்டுகள் சம்பளமின்றி முறைவைத்துப் பணி செய்தான். 1856-ம் ஆண்டுச் சட்டத்தின்பின்னரே எல்லாக் கவுண்டிகளிலும் சம்பளம் பெறும் போலீஸ் படை கட்டாயமாயிற்று. அதன் பயனாக ஊரகத்தே வாழ்ந்து, பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்து, மிதிவண்டியிற் சுற்றி வந்த கிராமப் போலீஸ்காரன் தோன்றினான்.

அவன் இப்போது இல்லை. மோட்டாரும் தொலைபேசியும் வந்தபின் ஊருக்கொருவன் எதற்கு என்று கருதி அவனை நகரத்திற்கு அழைத்துக்கொண்டனர். அவன் குடியிருந்த போலீஸ் வீடுகள் பல விற்கப்பட்டுத் தனியார் இல்லங்களாயின. 2010-ம் ஆண்டிற்கும் 2018-ம் ஆண்டிற்கும் இடையில் அவ்விரு நாடுகளிலும் ஏறத்தாழ 20,000 போலீஸ் உத்தியோகஸ்தர் குறைந்தனர். 2023-க்குள் அத்துணைப் பேர் மீண்டும் சேர்க்கப்பட்டனர் எனினும், புதியோர்க்கு அச்சிற்றூர்களின் சந்து பொந்துகள் தெரியுமா? 2002-ம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட சமுதாயத் துணை அலுவலர் அவ்வப்போது வந்து போகின்றனர். அவர்க்குப் போலீஸாருக்குரிய கைதுசெய்யும் அதிகாரம் இல்லை. போலீஸார் விட்டுச் சென்ற அவ்விடத்தை நிரப்புதற்கு ஊரார் தாமே முன்வந்தனர்.

அவ்வாறு முன்வந்தவருள் முதல்வர் செஷயர்க் கவுண்டியைச் சேர்ந்த மாலிங்டன் என்னும் சிற்றூரார். செஸ்டர் நகருக்கு அண்மையிலுள்ள அவ்வூரில் 1982-ல் நெய்பர்ஹூட் வாட்ச் என்னும் அயலார் காவற் சங்கம் பிரிட்டனிலேயே முதன்முதலாக நிறுவப்பட்டது. அமெரிக்காவில் 1972 முதல் ஷெரீபுகளின் தேசியச் சங்கத்தார் நடத்தி வந்த இயக்கமே இதற்கு வழிகாட்டி. கம்பத்தில் ஓர் அறிவிப்புப் பலகை, சன்னலில் ஓர் ஒட்டுத்தாள், அயல்வீட்டார் வெளியூர் சென்றால் அவர் வீட்டின்மீது ஒரு கண், ஐயப்பாட்டிற்கிடமான வண்டியைக் கண்டால் போலீஸாருக்கு ஒரு சொல். இவ்வளவே. இவ்வெளிய ஏற்பாடு சில ஆண்டுகளுள் நாடெங்கும் பரவிற்று.

பயன் விளைந்ததா? 1980-க்குப் பின் இலண்டனில் இதனைச் சோதித்த டிரெவர் பென்னட் என்னும் அறிஞர், அச்சங்கங்கள் இருந்த பகுதிகளிற் குற்றம் குறைந்ததற்குச் சான்றில்லை என்றார். அவரே வேறிருவரோடு சேர்ந்து, பல நாடுகளில் நிகழ்ந்த ஆய்வுகளைத் தொகுத்து 2008-ல் வெளியிட்ட நூலில், குற்றம் நூற்றுக்கு 16 முதல் 26 வரை குறைந்ததாகக் காண்கிறது என்று முடித்தார். தாம் முன்னர்க் கண்டதற்கு மாறாயினும் உண்மை தோன்றியவாறு உரைத்த அவ்வறிஞரைப் போற்றுகின்றோம். ஆயினும் ஒன்று மறுக்கற்பாலதன்று. இச்சங்கம் எளிதில் வேரூன்றுவது சொந்த வீடுடையாரும் வசதியுடையாரும் வாழும் அமைதியான இடங்களிலேயாம். திருட்டு மலிந்த ஏழைக் குடியிருப்புகளில் அதனை நட்டாலும் அது பட்டுப்போகின்றது. நிழல் வேண்டாதார்க்குக் குடையும், வெயிலில் நிற்பார்க்கு வெறுங்கையும் கிடைத்தவாறு இது.

நாட்டுப்புறத்துத் திருட்டுக்கள் அற்பமானவை என்று நாம் கூற வரவில்லை. டிராக்டர்களை வழிநடத்தும் ஜி.பி.எஸ். கருவிகள், நாற்சக்கர மோட்டார் சைக்கிள்கள், ஆட்டு மந்தைகள் ஆகியவற்றைக் கூட்டங் கூட்டமாக வந்து கவர்வோர் உளர். கிராமப் பகுதிக் காப்பீட்டிற் பெயர்பெற்ற என்.எஃப்.யூ. மியூச்சுவல் சங்கத்தாரின் மதிப்பின்படி, ஐக்கிய இராச்சியம் முழுவதிலும் நாட்டுப்புறக் குற்றங்களால் நேர்ந்த நட்டம் 2023-ல் 5 கோடியே 28 இலட்சம் பவுன். 2024-ல் 4 கோடியே 41 இலட்சம். 2018-ல் பெட்ஃபோர்ட்ஷயரிலுள்ள ஹௌட்டன் கான்குவஸ்ட் என்னும் ஊர்த் தேவாலயத்தின் கூரையிலிருந்த ஈயத் தகடுகளைக் கள்வர் உரித்துச் சென்றனர். பழைய உலோகத்தைக் காசு கொடுத்து வாங்கலாகாது என்று சட்டம் செய்து சில ஆண்டுகள் கழிந்தும் இது நிகழ்ந்தது. இத்தகைய கள்வர் தொலைவிலிருந்து வண்டியில் வருவோராதலின், அயலார் காவல் இவர்க்கு எதிரே தக்க கருவியே. பின்னிரவில் அடையாளம் அறியாத வண்டியின் எண்ணைக் குறித்து வைத்த ஒரு கிழவரால் ஒரு கூட்டமே அகப்படுதல் கூடும்.

நம் மொழியில் அயலார் என்னும் சொல் அடுத்த வீட்டாரையும் குறிக்கும், அந்நியரையும் குறிக்கும். ஆங்கிலச் சிற்றூரில் முன்னவர் காப்போர், பின்னவர் கள்வர் என்று பகுத்துவிட்டனர். இப்பகுப்பினால் வரும் கேடுகள் இரண்டு. வாட்ஸ்அப் என்னும் செய்திக் குழுக்கள் வந்தபின், கையில் பையோடு நடந்து செல்லும் பொதி கொணர்வோனும், சாலையோரம் வண்டியை நிறுத்தும் ஜிப்ஸிக் குடும்பத்தாரும், தோல் நிறம் வேறுபட்ட வழிப்போக்கரும் ஒரு நாழிகைக்குள் ஊர் முழுவதற்கும் ஐயத்திற்குரியோர் ஆகிவிடுதல் எளிது. குற்றமின்றி இவ்வாறு நோக்கப்படுவோரின் மனப்புண் எந்தக் குற்றப் படத்திலும் புள்ளியாக ஏறுவதில்லை. இது முதற்கேடு.

இரண்டாவது இதனினும் கொடிது. அந்நியனையே நோக்கியிருக்கும் கண் அடுத்த வீட்டுக்குள் நோக்குவதில்லை. தேசிய நாட்டுப்புறக் குற்ற ஆய்வு அமைப்பினர் 2019-ல் வெளியிட்ட அறிக்கை, வீட்டகத்தே கணவராலோ துணைவராலோ துன்புறுத்தப்படும் பெண்களைப் பற்றியது. நகரத்துப் பெண்களை நோக்க, நாட்டுப்புறத்துப் பெண்கள் அத்துன்பத்தை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிகுந்த காலம் பொறுத்திருக்கின்றனர் என்றும், பிறரிடம் வெளியிடுதல் அவருள் பாதியளவே என்றும் அது கூறுகின்றது. காரணம் என்னை? ஊரார் அனைவரும் ஒருவரையொருவர் அறிவர். துன்புறுத்துவோன் மதுச்சாலையில் இனியவன், திருவிழாவில் முன்னிற்பவன், ஒருகால் காவற் சங்கத்திலேயே உறுப்பினன். யாரிடம் உரைத்தாலும் மாலைக்குள் அவன் செவிக்கு எட்டும். பேருந்து நாளைக்கு இருமுறை, அன்றேல் இல்லவே இல்லை. மோட்டார்ச் சாவி அவன் சட்டைப் பையில். அருகிலுள்ள போலீஸ் நிலையமோ பல மைல்களுக்கு அப்பால். பண்ணை வீடாயின் உரிமம் பெற்ற வேட்டைத் துப்பாக்கியும் உள்ளே இருத்தல் கூடும்.

அவ்வூர்க்குரிய குற்றப் படத்தை எடுத்துப் பார்மின். வெண்மையாகக் கிடக்கும். அவ்வெண்மையைக் கண்டு வீடு வாங்க வருவோர், இவ்வூர் எத்துணைப் பாதுகாப்பானது என்று மகிழ்வர். குற்ற வீதம் குறைவு என்பது ஆங்கே குற்றம் குறைவு என்பதன் அறிகுறியாகவும் இருக்கலாம், வாய்கள் அடைபட்டுள்ளமையின் அறிகுறியாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிய மாட்டாத எண்ணைச் சிற்றூரின் நன்மதிப்பிற்குச் சான்றாகக் காட்டுதல் தகாது என்பதே நம் கருத்து. 2015-ம் ஆண்டுச் சட்டம், அடியாமலே அச்சுறுத்தி அடக்கியாள்வதையும் குற்றமாக்கிற்று. 2021-ம் ஆண்டுச் சட்டம் அதனை மேலும் விரித்தது. சட்டம் இருக்கிறது. அச்சட்டத்தின் கதவு வரை அப்பெண்ணைக் கொண்டு சேர்க்கும் பேருந்துதான் இல்லை.

சாலையைப் பற்றியும் ஒரு சொல். பிரிட்டனில் விபத்தால் மாள்வோருட் பாதிக்கு மேற்பட்டோர் நாட்டுப்புறச் சாலைகளிலேயே மாள்கின்றனர். கொட்டகைப் பூட்டுக்கு அஞ்சும் அதே ஊரார் ஒடுங்கிய வளைவுகளில் மணிக்கு 60 மைல் வேகத்திற் செல்லத் தயங்குவதில்லை. வேகத்தை அளந்து எழுதும் தொண்டர் குழுக்கள் பல ஊர்களில் உள்ளன. அவர்கள் குறித்து எழுதும் வண்டிகளுட் பல உள்ளூராருடையவையே என்றால் அதனை நம்புவதற்கு நமக்குத் தடையில்லை.

ஆயின் அச்சிற்றூரார் செய்யத்தக்கது யாது என்று வினவுவார்க்கு நாம் கூறுவது பெரிதன்று. 1894-ம் ஆண்டுச் சட்டத்தால் அவர்க்கு ஊர் மன்றங்கள் அமைந்துள்ளன. காமிரா வாங்க ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, கிழமைக்கு இருமுறையேனும் சந்தை நகருக்குச் செல்லும் சிற்றுந்து ஒன்றை அம்மன்றத்தார் நடத்தலாம். அதிற் செல்பவள் மருந்து வாங்கச் செல்கின்றாளா, வக்கீலைக் காணச் செல்கின்றாளா என்று எவரும் வினவார். காவற் சங்கத்தார் தம் பலகையைச் சாலைக் கம்பத்தில் மாட்டியவாறே விடலாம். அதனோடு, உதவி தரும் தொலைபேசி எண் எழுதிய சிறு தாள் ஒன்றை ஊர் மண்டபத்துப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைக்கலாம். பிரிட்டனில் சில இடங்களில் இவ்வாறு ஒட்டுகின்றனர். கதவைத் தாழிட்ட பின்னரே அத்தாள் கண்ணிற்படும். கூட வந்தவன் வெளியே நிற்பான்.