ஆஞ்சியோகிராமும் சிறுநீரகமும்: எங்கள் நிலைப்பாடு

தம் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் எவரும் ஆஞ்சியோகிராமுக்குப் போகக்கூடாது. தைப்பிங் வட்டாரத்துச் சிறுநீரக நோயாளிகளுக்குத் துணை நிற்கும் எங்கள் குழுவின் உறுதியான கருத்து இது. மாரடைப்பில் துடிப்பவருக்கு மட்டும் விதிவிலக்கு. அங்கே உயிர்தான் முதலில். ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க நேரமில்லை.

இதயக் குழாய்களைப் படத்தில் காட்டச் செலுத்தும் அயோடின் மருந்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். நல்ல சிறுநீரகம் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். இனிப்புநீரால் தளர்ந்த சிறுநீரகத்துக்கு, குறிப்பாகச் சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் இ-ஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே போனவருக்கு, ஆபத்து கூடுதல். 2018-இல் நாடு தழுவி நடந்த ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் சுமார் 15 விழுக்காட்டினருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் அதை அறிந்திருந்தவர்கள் 5 விழுக்காட்டினரே. தோட்டத்தில் உழைத்து ஓய்ந்து, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மூட்டுவலி மாத்திரையிலேயே காலம் தள்ளும் நம் பெரியவர்களை நினைத்தால் இந்தக் கணக்கு எங்களைக் கலங்கவைக்கிறது.

இதற்காக ஆஞ்சியோகிராமே வேண்டாம் என்று ஒதுங்குவதை நாங்கள் ஏற்கவில்லை. இதயக் குழாய் அடைப்பைக் கவனிக்காமல் விடுவது சிறுநீரகத்துக்கு வரும் ஆபத்தைவிடக் கொடியது.

தடுப்பு முறையும் எளிதுதான். மலேசிய மருத்துவமனைகளும் பங்கேற்ற பிரிசர்வ் ஆய்வின் முடிவு 2018-இல் வெளிவந்தது. சிறுநீரகத்தைக் காப்பதில் சோடியம் பைகார்பனேட் சாதாரண சலைனைவிட மேலானதல்ல, அசிட்டைல்சிஸ்டைன் மாத்திரையால் பயனில்லை என்று அது காட்டியது. ஆகவே கிட்னியைக் காக்கும் என்று சொல்லி விற்கும் எதற்கும் குடும்பங்கள் காசைக் கொட்ட வேண்டாம். ஆபத்தில் உள்ளவருக்கு வேண்டியது சலைனும், முடிந்தவரை குறைந்த அளவு அயோடின் மருந்தும்தான். இதயம் பலவீனமானவருக்குச் சலைன் கூடினால் மூச்சுத் திணறும் என்பதால் அளவை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். டைக்ளோஃபினாக், மெஃபனமிக் ஆசிட் போன்ற வலி மாத்திரைகளை முன்கூட்டியே நிறுத்தச் சொல்ல வேண்டும். இனிப்புநீர் மருந்தான மெட்ஃபோர்மினை நிறுத்த வேண்டுமா, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை எழுதித் தர வேண்டும். முதல் நாள் இரவிலிருந்தே பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் வந்து, மதியம் வரை வரிசையில் உட்கார்ந்திருக்கும் முதியவரின் உடல் வறண்டுபோகும். எந்த மணி வரை தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் மருத்துவமனை சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெரிய ஓட்டை ஆஞ்சியோகிராமுக்குப் பிறகுதான் இருக்கிறது. சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறுவது இரண்டு மூன்று நாளில்தான் தெரியும். அதற்குள் நோயாளி ஈப்போவிலிருந்தோ பினாங்கிலிருந்தோ வீடு வந்து சேர்ந்துவிடுகிறார். பெரும்பாலும் வலி இருக்காது, சிறுநீரும் வழக்கம்போலப் போகும். ஒரு ரத்தப் பரிசோதனைக்காக மறுபடி அவ்வளவு தூரம் போக வாகனமும் துணையும் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. எனவே, ஆபத்தில் உள்ள ஒவ்வொருவரின் டிஸ்சார்ஜ் கடிதத்திலும் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் கிரியேட்டினின் பார்க்க வேண்டும் என்று தேதியோடு குறிப்பிட வேண்டும். கமுண்டிங்கோ செலாமாவோ, அவரவர் வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக் அந்தக் கடிதத்தை ஏற்று ரத்தம் எடுத்து, கடிதம் தந்த மருத்துவருக்கே முடிவைத் தெரிவிக்க வேண்டும்.