க்ளிக்கரை அட்டெண்டன்ஸ் மெஷின் ஆக்காதீங்க

முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிற வகுப்புல "புரிஞ்சுதா?"ன்னு கேட்டா என்ன நடக்கும்? முன்வரிசையில நாலு தலை ஆடும். மத்த இடமெல்லாம் மௌனம். வாத்தியாரும் எல்லாருக்கும் புரிஞ்சுடுச்சுன்னு அடுத்த பாடத்துக்குப் போயிடுவார்.

இந்த மௌனத்தை உடைக்கத்தான் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்ல க்ளிக்கர் வந்துச்சு. டிவி ரிமோட் மாதிரி சின்னக் கருவி. கேள்விக்குப் பட்டனை அமுக்கினா, எந்த விடைக்கு எத்தனை பேருன்னு திரையில வந்துடும். இப்பல்லாம் பல இடத்துல செல்போனே போதும்.

நல்ல விஷயம்தான். ஆனா சூட்சுமம் கருவியில இல்லீங்க.

ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991-ல ஆரம்பிச்ச முறையைப் பாருங்க. ஒரு லாரியும் காரும் மோதுது. எது எதை அதிக விசையோட தள்ளும்? நியூட்டனோட மூணாவது விதியை மனப்பாடமா ஒப்பிக்கிறவங்ககூட "லாரிதான்"னு சொல்லிடுவாங்க. ரெண்டு விசையும் சமம்! இப்படி ஒரு கேள்விக்கு முதல்ல அவங்கவங்க தனியா யோசிச்சு ஓட்டுப் போடணும். விடை பிரிஞ்சு கிடந்தா, பக்கத்துல இருக்கிறவரோட வாதாடிட்டு மறுபடி ஓட்டு. அதுக்கப்புறம்தான் வாத்தியார் வாயைத் திறப்பார். இதை அட்டையைத் தூக்கிக் காட்டியும் செய்யலாம். அட்டைக்கும் க்ளிக்கருக்கும் கற்றல்ல பெரிய வித்தியாசம் இல்லைன்னு 2008-ல நதானியல் லாஸ்ரி எழுதின கட்டுரை சொல்லுது.

கொலராடோ பல்கலைக்கழக மரபியல் வகுப்பு பற்றி 2009-ல 'சயின்ஸ்' இதழ்ல வந்த ஆய்வு இன்னும் சுவாரசியம். குழுவுல ஒருத்தருக்குமே சரியான விடை தெரியாதப்பகூட, பேசி முடிச்சதும் தேறினாங்களாம். அதாவது, கெட்டிக்காரப் பையனைப் பார்த்து எழுதுற சமாச்சாரம் இல்லை இது. வாதம்தான் பாடம் சொல்லிக் கொடுக்குது.

இதையெல்லாம் விட்டுட்டு க்ளிக்கர்ல வருகைப்பதிவு எடுத்து மார்க் போட்டா என்ன ஆகும்? டார்ட்மத் கல்லூரியில 2014-ல ஒரே பாடத்துல 64 பேர் மேல குற்றச்சாட்டு. வராதவங்க க்ளிக்கரை நண்பர்கள் கையில கொடுத்தனுப்பிட்டாங்களாம். நம்மூர் ப்ராக்ஸிதான், என்ன, பேட்டரி போட்ட ப்ராக்ஸி :-)

"மார்க் இல்லாட்டி எவன் வருவான்?"னு கேப்பீங்க. மார்க்குக்காக வர்றவன் வரமாட்டான் சாமி, க்ளிக்கரைத்தான் அனுப்புவான். தேர்வுலயும் இதே மாதிரி யோசிக்க வைக்கிற கேள்வி கேளுங்க, தானா வருவாங்க. வகுப்புல தப்பான பட்டனை அமுக்குறது இலவசமா இருக்கணும். அதுக்கு விலை வச்சா மாணவன் யோசிக்க மாட்டான், பக்கத்து சீட்டைத்தான் எட்டிப் பார்ப்பான்.

வாத்தியார் பதிவர்களே, கருவி வாங்குறதுக்கு முன்னாடி வகுப்பைப் பாதியாப் பிரிக்கிற மாதிரி ஒரே ஒரு கேள்வி எழுதிப் பாருங்க. அதுதான் கஷ்டம். அது கையில இருந்தா நாலு கலர் அட்டை போதும்.