'மெண்டல்'னு யாரைச் சொல்றீங்க?

நேத்து ஓபியில ஒரு அம்மா. ரெண்டு மாசமா தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கலை, காரணமே இல்லாம அழுகை. தைராய்டு, ரத்தசோகை எல்லாம் பார்த்தாச்சு, நார்மல். "மனநல டாக்டரை ஒருமுறை பார்த்துடுங்கம்மா"ன்னு சீட்டு எழுதி நீட்டினேன். வாங்கலை. "நான் என்ன மெண்டலா டாக்டர்?"னு கேட்டாங்க. கூட வந்த கணவர்தான் வாங்கி, எட்டா மடிச்சு, சட்டைப் பையில வெச்சுக்கிட்டார்.

அந்த ஒத்தைச் சொல்லைப் பத்தித்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், கொஞ்சம் கோபம். பொறுத்துக்கங்க.

ஆங்கிலத்தில் மெண்டல் என்றால் 'மனம் சார்ந்த'. அவ்வளவுதான். பிள்ளையை மெண்டல் மேத்ஸ் கிளாஸுக்கு ஃபீஸ் கட்டிச் சேர்க்கும்போது நமக்குக் கூச்சம் வர்றதில்லை, அது மனக்கணக்கு. பிரிட்டன் கொச்சைப் பேச்சிலும் 'பைத்தியக்காரத்தனமான' என்ற பொருள் அதற்கு உண்டு, மறுக்கலை. நாம ஒருபடி மேலே போய் அதை ஆளுக்கே பேராக்கிட்டோம். "போடா மெண்டல்", "அது ஒரு மெண்டலு". (லூசு கதையும் இதேதான். கழன்ற ஸ்க்ரூவுக்கு இருந்த சொல்லை மனுஷனுக்கு மாட்டிட்டோம்.)

இதில் ஒரு கொடுமை இருக்கு. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794ல் தொடங்குகிறது. அந்தக் காலத்தில் அது 'மேட் ஹவுஸ்', பிறகு 'லூனடிக் அசைலம்'. 1922ல்தான் 'மெண்டல் ஹாஸ்பிட்டல்' ஆனது. அதாவது, பைத்தியம் என்ற முத்திரையைத் துடைத்துவிட்டு, உள்ளே இருப்பவர்கள் நோயாளிகள், இது ஆஸ்பத்திரி என்று சொல்ல வந்த மரியாதையான சொல்லுங்க அது! அதைத்தான் வசவாக்கி வெச்சிருக்கோம். ஊர்ப் பேரையும் விடலை. "கீழ்ப்பாக்கம் கேஸ்"னு சொல்லிச் சிரிக்கிறோம்.

"சும்மா ஜாலிக்குச் சொல்றது டாக்டர், இதுக்குப் போய்..."னு கமெண்ட் வரும். தெரியும். நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. எல்லாத்துக்கும் இந்தச் சொல்தான் காரணமா? இல்லை. டாக்டர் பற்றாக்குறை, தூரம், செலவு எல்லாம் உண்டு. ஆனா சீட்டு கையில இருக்கு, ஆஸ்பத்திரி பஸ் போற தூரத்துல இருக்கு, மாத்திரை இலவசம், அப்பவும் போகமாட்டேங்கிறவங்களைத் தடுக்கிறது எது?

"சொல்லை மாத்தினா புதுச் சொல்லையும் கெடுப்பாங்களே?" இது நியாயமான கேள்வி; 1922 பெயர் மாற்றமே அதுக்குச் சாட்சி. ஆனாலும் ஜப்பானைப் பாருங்க. ஸ்கிசோஃப்ரினியாவுக்கு அங்கே இருந்த பழைய பேருக்கு 'மனம் பிளந்த நோய்' என்று பொருள். 2002ல் அதைத் தூக்கிட்டு வேற பேர் வெச்சாங்க. அந்த வருஷம் தன் நோயின் பேர் டாக்டரால் சொல்லப்பட்ட நோயாளிகள் சுமார் 37 சதவீதம்தான். ரெண்டே வருஷத்தில் அது 70 சதவீதத்தை நெருங்கியது. வாய்விட்டுச் சொல்லவே டாக்டர்கள் கூசிய பேர் அது.

டாக்டர்னு சொன்னதும் எங்க ஆளுங்க ஞாபகம் வருது. இந்தப் பாவத்தில் எங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நாங்க மெண்டல்னு சொல்லமாட்டோம், படிச்சவங்க இல்லையா, "சைக் கேஸ்"ம்போம்.

ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தர் வயித்து வலின்னு வந்தார். கையில மனநல மாத்திரைச் சீட்டு. அதைப் பார்த்ததும் சீனியர், "சைக் கேஸ்பா, ஒரு ஊசி போட்டு ஓரமா படுக்க வை"ன்னார். போட்டேன். வயித்துல கை வெச்சுப் பார்க்கலை. விடியற வரைக்கும் அந்த மனுஷன் "வலிக்குது சார், வலிக்குது சார்"னு சொல்லிட்டே இருந்தார். காலையில் ரவுண்ட்ஸ் வந்த சீஃப் கை வெச்சதும் வயிறு பலகை மாதிரி இருந்தது. குடல்வால் வெடிச்சு சீழ் பரவியிருந்தது. பிழைச்சுட்டார். அது எங்க சாமர்த்தியம் இல்லை.

இதுக்கு 'டயக்னாஸ்டிக் ஓவர்ஷாடோயிங்'னு மருத்துவத்தில் பேரே இருக்கு. மனநோய் முத்திரையோட நிழல் விழுந்து, உடம்பு நோய் கண்ணுக்குத் தெரியாமப் போயிடறது. பேர் எனக்கு அப்பவே தெரியும். பரீட்சையில் கேட்டிருந்தா பக்கம் பக்கமா எழுதியிருப்பேன்.

நேத்து அந்த அம்மாவோட கணவர் கிட்ட இன்னொரு தாளில் 14416ன்னு எழுதிக் கொடுத்தேன். டெலி மானஸ், மத்திய அரசு 2022ல் தொடங்கிய மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். "போன்லதான் பேசப் போறீங்க, பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது"ன்னேன். ஒரு டாக்டர் இப்படி ரகசியம் மாதிரி குசுகுசுக்க வேண்டியிருக்கே, அதுதான் என் ஆத்திரம்.

அவர் தாளை வாங்கிட்டு, "தூக்க மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தா போதாதா சார்?"னு கேட்டார். வியாழக்கிழமை ரெண்டு பேரையும் திரும்ப வரச் சொல்லியிருக்கேன்.