தராசும் தசையும்

நம் தஞ்சைச் சீமையில் ஒரு வாலிபன் தேகப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்துவிட்டால், வீட்டார் அவனை முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை கிலோ ஏறினாய்?" என்பதுதான். இரண்டு கிலோ ஏறியிருந்தால் பாட்டிக்குப் பரம சந்தோஷம். இரண்டு கிலோ குறைந்திருந்தாலோ, "குழந்தை துரும்பாய் இளைத்துவிட்டானே!" என்று அடுக்களையில் பிரலாபம் தொடங்கிவிடும். பையனும் நாளடைவில் தராசையே குலதெய்வமாகக் கொண்டுவிடுகிறான். அவன் ஆணழகன் போட்டியில் ஆசை வைத்தவனாகவும் இருந்தால், இந்த வழிபாடு அவனுக்குப் பெருந்தீங்கு செய்யக்கூடும்.

தராசு எதை நிறுக்கிறது என்பதை நெல் விளையும் பூமியில் பிறந்தவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லை வாங்குமுன் ஈரப்பதம் பார்க்கிறார்கள். அதற்கு வழக்கமான வரம்பு 17 சதவீதம். பதரும் தூசியும் போகும்படி தூற்றுகிறார்கள். ஏன் இத்தனை சிரமம்? தராசுக்கு நெல்மணியும் பதரும் ஒன்றே. மார்கழிப் பனியில் ஏறிய ஈரமும் ஒன்றே. மனித தேகத்தின் விஷயமும் இதுதான். எலும்பு, தசை, கொழுப்பு, நீர், காலையில் உண்ட இட்டிலி ஆகிய அனைத்தையும் கூட்டித் தராசு ஒரே எண்ணாகச் சொல்லிவிடுகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 85 கிலோ எடையுள்ள ஒரு வாலிபனின் உடலில் நூற்றுக்கு 20 பங்கு கொழுப்பு என்று வைத்துக்கொள்வோம். கொழுப்பு 17 கிலோ. தசை, எலும்பு முதலிய மற்றவை 68 கிலோ. அவன் பல மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து, உணவையும் அளவோடு கொண்டு, 73 கிலோவுக்கு வருகிறான். இப்போது கொழுப்பு நூற்றுக்கு 7 பங்குதான் என்றால், அது ஏறக்குறைய 5 கிலோ. மற்றவை முன்போலவே 68 கிலோ. தராசின் கணக்கில் அவன் 12 கிலோவைப் பறிகொடுத்தான். தசையின் கணக்கிலோ நஷ்டமே இல்லை. போர்வை விலகியதால் தோளும் தொடையும் தெளிவாகத் தெரிகின்றன. மேடையில் அவன் முன்னைவிடப் பெரியவனாகவே காட்சியளிப்பான்!

போட்டியில் தராசுக்கு வேலை இல்லாமல் இல்லை. 55, 60, 65 கிலோ என்று வகுத்திருக்கும் பிரிவுகளில் யார் எதில் சேர்வது என்பதை அது தீர்மானிக்கிறது. அத்துடன் அதன் அதிகாரம் முடிந்தது. மேடை ஏறியபின் நடுவர்கள் பார்ப்பவை மூன்று: தசையின் வளர்ச்சி, அங்கங்களின் பொருத்தம், கொழுப்பு மறைக்காத இறுக்கம். கடைசியில் சொன்னதைத்தான் பயிற்சிக் கூடங்களில் 'கட்டிங்' என்கிறார்கள்.

இது இன்று நேற்று ஏற்பட்ட நியாயமும் அல்ல. நம் நாட்டில் சின்னப்பா தேவர் போன்றோரின் பெயருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டதே 'சாண்டோ' என்ற பட்டம், அந்தப் பெயருக்கு உரிய யூஜின் சாண்டோ 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் தேதி லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் ஒரு பெரிய போட்டி நடத்தினார். துப்பறியும் கதைகள் எழுதிய கானன் டாயில் நடுவர்களில் ஒருவர். உடல் வளர்ச்சியோடு அங்கங்களின் சமநிலை, தசையின் உறுதி, ஆரோக்கியம், சருமத்தின் நிலை ஆகியவற்றையும் பார்த்தே அங்கே பரிசு தரப்பட்டது. நிறை மட்டும் கொண்டு வெற்றி பெற வழி இருக்கவில்லை.

நம் தேசத்திலேயே இதற்குச் சிறந்த சாட்சி வங்காளத்து மனோதோஷ் ராயும் மனோஹர் ஐச்சும். முன்னவர் 1951-இலும் பின்னவர் 1952-இலும் லண்டனில் தத்தம் பிரிவில் 'மிஸ்டர் யூனிவர்ஸ்' பட்டம் வென்றனர். ஐச்சின் உயரம் 4 அடி 11 அங்குலமே! அன்னிய ஆட்சியில் விமானப் படையில் சேர்ந்த அவர், ஆங்கில அதிகாரி ஒருவரை எதிர்த்ததற்காகச் சிறை சென்றார். சிறைக்குள்ளேயே தேகாப்பியாசத்தைத் தொடர்ந்தார். அவர் வாயாரப் புகழ்ந்த உணவு எது தெரியுமா? பழைய சோறும் அதன் நீரும்! 2016-இல் அவர் காலமானபோது வயது 104.

இனி, தீங்கு என்று சொன்னேனே, அதற்கு வருவோம். பிரிவுக்குள் நுழைவதற்காகவும் தசை துலங்குவதற்காகவும் சில வாலிபர்கள் போட்டிக்கு முன் தண்ணீரை நிறுத்துகிறார்கள். அதற்கும் மேலே போய், நீர் பிரிக்கும் மாத்திரைகளை விழுங்குகிறார்கள். தசையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீரே. அதை வடித்துவிட்டால் தராசு இறங்கும், தசையும் வாடும், இரத்தத்தின் உப்புகள் நிலைதவறி இதயமே நின்றுவிடவும் கூடும். அல்ஜீரியாவில் பிறந்த முகம்மது பெனஸீஸா தம்மைவிட மிகப் பெரிய உருவத்தினரை வென்று புகழடைந்த வீரர். 1992 அக்டோபரில் ஹாலந்து தேசத்துப் போட்டி முடிந்த சில மணி நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது. நீர் பிரிக்கும் மருந்தும் உடல் வறட்சியுமே காரணமாகக் கூறப்பட்டன. எந்தக் கோப்பை இதற்கு ஈடாகும்?

கொழுப்பைக் குறைக்கும் நேர்வழிக்குக் காலம் வேண்டும். வாரத்துக்கு அரைக் கிலோவும் சற்று மேலுமாகக் குறைத்தால், மேலே கணக்கிட்ட 12 கிலோ இறங்க ஐந்து மாதம் பிடிக்கும். ஒரு சம்பாப் பயிர் விளைவதற்கும் அதே காலந்தான். நாற்றை இழுத்து யாரும் கதிர் வரவழைப்பதில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பையனின் எடையை வாரம் ஒரு முறை, ஒரே வேளையில் பார்த்தால் போதும். விருந்தில் சோறு அதிகமாக உண்டால் மறுநாள் ஒரு கிலோ ஏறும். அதில் பெரும்பங்கு தண்ணீரே. அதைக் கண்டு மகிழவும் வேண்டாம், அஞ்சவும் வேண்டாம். எடை குறைகிறதே என்று அழுவதற்கு முன், அவனுடைய பலம் குறைந்ததா, தூக்கம் கெட்டதா, முகம் வாடியதா என்று கவனியுங்கள். அவை நன்றாக இருந்தால் கவலையில்லை. போட்டிக்கு முதல் நாள் அவன் தண்ணீர்ச் செம்பைத் தள்ளிவைத்தால் மட்டும், போட்டியே போனாலும் போகட்டும் என்று, செம்பை அவன் கையில் கொடுத்துவிடுங்கள்.